தாடை வலிக்கு நைட் கார்ட்: மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் அலமாரியில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு நைட் கார்ட், அதாவது இரவில் தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் கவசம். தாடை வலி தாங்காமல், சீட்டு விழுந்த மாதத்தில் அந்தக் காசைக் கட்டிச் செய்தது. நான்கு இரவு போட்டுப் பார்த்திருக்கிறார். வலி குறையவில்லை, வலது பக்கம் கூடின மாதிரியும் இருந்திருக்கிறது. "எனக்கு அது ஒத்துக்கல டீச்சர்" என்று கழற்றி வைத்தவர் இரண்டு வருடம் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. செய்து கொடுத்த இடத்தில் திரும்பவும் வரச் சொல்லவில்லை. போக வேண்டும் என்று அக்காவுக்கும் தெரியாது.

நான் ஹட்டன் பக்கம் படிப்பிக்கிறேன். நாள் முழுக்கப் பேசும் வேலை. ஆறு வருடங்களுக்கு முன் எனக்கும் இதே வலி வந்தது. இன்றும் இரவில் நைட் கார்ட் போட்டுத்தான் தூங்குகிறேன். நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்த வழியில் முதல் தடவை நடப்பவர்களுக்கு எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று தெரியும். அதிகம் பேர் வழுக்குவது ஒரே இடத்தில்தான்: நைட் கார்ட் செய்து வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வாங்குவது பாதிதான். உங்கள் கடிக்கு, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்துக்கு ஏற்ப அதைத் தேய்த்துச் சரிபார்க்கத் திரும்பத் திரும்பப் போவது மீதிப் பாதி.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைத்தியர்கள் 'ஸ்பிளின்ட்' என்பார்கள். தனியார் கிளினிக்குகளில் 'நைட் கார்ட்'. சிலர் 'பிளேட்' என்றும் சொல்வார்கள், ஆனால் பொய்ப்பல் கட்டுவதற்கும் அதே சொல் என்பதால் குழப்பம் வரும். 'ஸ்பிளின்ட்' என்று கேட்டால் எங்கேயும் புரியும்.

வலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

காதுக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று முன்னால் போய்த் திரும்பி வரும். அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் போலச் சுழலும், மேசை லாச்சி போல முன்னால் நகரவும் செய்யும். எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அது இடம் விலகித் திரும்பும்போதுதான் 'டக்' என்று சத்தம் வருகிறது. சத்தம் மட்டும் இருந்து வலி இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அப்படி நிறையப் பேருக்கு இருக்கிறது, அதற்கு வைத்தியம் தேவையில்லை.

இப்போது பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் தொடுங்கள். புடைத்து நிற்பவை மெல்லும் தசைகள். அங்கே அழுத்தினால் 'இதே வலிதான்' என்று தோன்றுகிறதா? காலையில் எழும்போது தாடை இறுகி இருக்கிறதா? ரொட்டியை மெல்ல மெல்லக் களைத்துப் போகிறதா? உங்கள் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவில் விட்டுப் பாருங்கள். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு வாய் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும், மூன்று விரல் தாராளமாகப் போகும். போகவில்லை என்றால் அதைக் குறித்து வையுங்கள், வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது அது.

வாய் மூடிச் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. இரண்டுக்கும் இடையில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, நான் எப்போதும் பல்லைச் சேர்த்து வைத்திருப்பதுதான் சரி என்று நினைத்திருந்தேன். கொப்பி திருத்தும்போது, பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது, குளிரில் தோளைக் குறுக்கி நடக்கும்போது, எல்லா நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இரவில் தூக்கத்தில் நம் கட்டுப்பாடும் போய்விடுகிறது, நறநறவென்று அரைப்பவர்களும் உண்டு. வயிற்றில் பூச்சி இருந்தால்தான் பல் கடிப்பார்கள் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வளர்ந்தவர்களின் பல் கடிக்குப் பூச்சி மருந்து குடித்துப் பயனில்லை. மனஅழுத்தம், தூக்கக் குறைவு, சிகரெட், மது, அதிகத் தேநீர் கோப்பி, சில மனநல மருந்துகள் எல்லாம் அதைக் கூட்டக்கூடியவை.

தாடை வலிதானே என்று விட்டுவிடக் கூடாதவை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். நைட் கார்ட் வேலை செய்யாத, வேலை செய்யும் என்று காத்திருந்தால் ஆபத்தான வலிகள் இருக்கின்றன.

படி ஏறும்போது, மலையில் ஏற்றம் ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்து ஓய்வெடுத்தால் வலி விட்டுப் போகிறதா? அது இதயத்திலிருந்து வரலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கை வலி சேர்ந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ் எண், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கவ்வாத்துக் கத்தியோ ஆணியோ வெட்டி, அடுத்த நாட்களில் அல்லது கிழமைகளில் தாடை இறுகித் திறக்க முடியாமல் போனால் அது ஏற்புவலியாக இருக்கலாம், நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும், தாமதித்தால் கண் பார்வை போகலாம். மின்சாரம் அடித்தது போல முகத்தில் சில வினாடி மட்டும் வெட்டும் வலி நரம்பு வலி. காய்ச்சலும் வீக்கமும் இருந்தால் பெரும்பாலும் பல்லிலோ ஞானப்பல்லிலோ சீழ்.

இன்னொன்று எங்கள் ஊர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடுகிறவர்களுக்கு வாயின் உள்சதை நாராகி இறுகிப்போகும் ஒரு நோய் வரும். உறைப்புக் கறி சாப்பிட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளிறி, தடவினால் கயிறு போலத் தட்டுப்படும். வாய் திறப்பது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். இது பாக்கினால் வருவது, பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் எவ்வளவு அதிகம் என்பது வைத்தியசாலைக்குப் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கும் பெண்களும் இதற்கு விலக்கில்லை. வெற்றிலை போடுகிற உங்கள் அம்மாவோ மாமாவோ 'வாய் தொறக்க முடியல' என்று சொன்னால் நைட் கார்ட் பற்றி யோசிக்க வேண்டாம். வாயின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லிப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை இருந்தாலும் அப்படியே.

செலவழிக்க முன் மூன்று கிழமை

மேலே சொன்னவை எதுவும் இல்லை, தசையும் மூட்டும்தான் வலிக்கிறது என்றால், பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி சாதாரணக் கவனிப்பிலேயே தணியும். அதனால் முதலில் இரண்டு மூன்று கிழமை வீட்டில் செய்து பாருங்கள்.

'ம்ம்' என்று சொல்லுங்கள். உதடு சேர்ந்திருக்கும், பல் விலகியிருக்கும். அதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. அப்புறம் 'ன்' என்று சொல்லி நாக்கை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டிருக்கும். அங்கிருந்து நாக்கை எடுக்காமல், எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஆறு முறை, ஒரு நாளில் ஆறு தடவை. நான் பாடசாலை மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் 'பல் சேர்ந்திருக்கிறதா' என்று பார்ப்பேன். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கூடையைக் கொட்டப் போகும் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். இந்தப் பழக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது. செலவும் இல்லை.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயைக் கன்னத்தில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், காலையும் இரவும். நுவரெலியா, கந்தப்பளை மாதிரி ஜனவரியில் பனி உறையும் இடங்களில் இருப்பவர்கள் காதையும் தாடையையும் மப்ளரால் சுற்றிக்கொண்டு வெளியே இறங்குங்கள். குளிரில் பல் கிட்டும்போது அந்தத் தசைகள் எல்லாம் வேலை செய்கின்றன. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களுக்குக் கழுத்தும் சேர்ந்து இறுகும். கழுத்து இறுகினால் தாடை வலியும் கூடத் தெரியும், துவாயைக் கழுத்துக்கும் போடுங்கள்.

சாப்பாட்டில், தடித்த தோட்டத்து ரொட்டியைக் கொஞ்ச நாளைக்கு விட முடிந்தால் நல்லது. விட முடியாது என்பது எனக்குத் தெரியும், காலையில் அதுதான் வயிற்றைத் தாங்கும். சின்னத் துண்டாகப் பிய்த்துப் பருப்புக் கறியில் நன்றாக ஊறவிட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மெல்லுங்கள். குழைவான சோறு, இலைக்கஞ்சி, அவித்த கிழங்கு எல்லாம் இலகு. பாக்கு, சூயிங்கம், கரும்பு, முறுக்கு வேண்டாம். கொட்டாவி வரும்போது முஷ்டியைத் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுங்கள்.

வலி கூடினால் பெனடோல் போடலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுத்தான் போட வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று தாடையைத் திருகி இழுக்க யாரையும் விடாதீர்கள், விலகிய தட்டு அப்படித் திரும்பாது, மூட்டு இன்னும் நோகும்.

யாரிடம் போவது

மூன்று கிழமைக்குப் பிறகும் வலி இருந்தால், அல்லது பல் தேய்ந்து வருகிறது, இரவில் நறநறக்கும் சத்தம் கேட்கிறது என்று வீட்டில் சொன்னால், பல் வைத்தியரைப் பாருங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கலாம், ஸ்பிளின்ட் அங்கே கிடைக்காது. பக்கத்து அரச வைத்தியசாலையின் பல் பிரிவில் துண்டு எடுத்துக் காட்டி, தேவைப்பட்டால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்கலாம். அது பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது, நீண்ட காலம் நாட்டில் பல் வைத்தியர்களை உருவாக்கிய ஒரே பீடம். நுவரெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கண்டிக்குப் போகும் பஸ் கம்பளை வழியாகப் பேராதனையைத் தாண்டித்தான் போகிறது, அங்கேயே இறங்கிவிடலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் ரயிலில் பேராதனைச் சந்தி நிலையம் வரை வரலாம்.

காத்திருப்பு நீளமாக இருந்து தனியாரிடம் போகிறீர்கள் என்றால், இலங்கை மருத்துவ சபையில் பதிவுசெய்த பல் வைத்தியரா என்று பாருங்கள். டவுனில் பொய்ப்பல் கட்டித் தருகிறவர்கள் எல்லோரும் பல் வைத்தியர்கள் இல்லை. காசு கட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "பொருத்தின பிறகு சரிபார்க்க எத்தனை தடவை வர வேண்டும், அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமா?" இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா விட்டுவிட்ட கேள்வி இது.

சிங்களம் சரளமாக வராதவர்கள் வலியின் கதையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், காலையிலா மாலையிலா, என்ன மருந்துகள் குடிக்கிறீர்கள். 'ஹக்க ரிதெனவா' என்றால் தாடை வலிக்கிறது. சத்தமாகக் குறட்டை விடுபவர், தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். அப்படிப்பட்ட சிலருக்கு மேல்பல் ஸ்பிளின்ட் மூச்சுத் தடையைக் கூட்டலாம்.

எந்த வகை

நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பெரும்பாலான வைத்தியர்கள் தேர்ந்தெடுப்பது கடினமான அக்ரிலிக்கில் செய்த, ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடும் ஸ்பிளின்ட். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வழக்கமாக மேல்பல்லுக்குச் செய்வார்கள், கீழ்ப்பல்லுக்கும் செய்யலாம். பின்பற்களின் மேல் சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்பு. மேற்பரப்பு தட்டையாக இருப்பதால் கீழ்ப்பற்கள் எந்தக் குழியிலும் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போகும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம் என்பதால் இதற்கு மிச்சிகன் ஸ்பிளின்ட் என்றும் பெயர். இதைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

மென்மையான ரப்பர் போன்றது மலிவு, சீக்கிரம் கிடைக்கும். கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். ஆனால் சிலர் அதைச் சூயிங்கம் மாதிரி இன்னும் அதிகமாகக் கடிப்பார்கள், பலமாகக் கடிப்பவர்களுக்குச் சில மாதத்தில் ஓட்டையாகிவிடும், தேய்த்துச் சரிசெய்வதும் கஷ்டம். உள்ளே மென்மையும் வெளியே கடினமுமாக ஒரு கலப்பு வகையும் இருக்கிறது. கடினமானது தாங்க முடியாதவர்களுக்கு அது நல்ல தேர்வு.

முன்பற்களை மட்டும் மூடும் சின்ன வகையில் எச்சரிக்கையாக இருங்கள். தசை வலி சீக்கிரம் குறையலாம். ஆனால் பின்பற்கள் தொடுவதற்கு ஒன்றும் இல்லாததால் நாளாக நாளாக அவை நகர்ந்து, கடைசியில் வாயை மூடினால் முன்பற்கள் சேராத நிலை வரலாம். சின்னது என்பதால் தூக்கத்தில் விழுங்கும் அபாயமும் உண்டு. கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைக்கும் வகை, மூட்டுக்குள் அந்த மெத்தைத் தட்டு விலகியவர்களுக்கானது. அதை நிபுணரின் கண்காணிப்பில் கொஞ்ச காலம் மட்டும் போட வேண்டும்.

வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சாக்கும் கவசங்கள் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். அவை கிரிக்கெட், ரக்பி விளையாடும்போது பல்லைக் காக்கச் செய்தவை. இந்த வேலைக்கு உதவாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த வகையும் பல் கடிப்பதை அடியோடு நிறுத்துவதில்லை. பல் தேய்வதைக் காக்கும். தசை வலியும் காலை இறுக்கமும் பலருக்குக் குறையும், எல்லோருக்கும் இல்லை. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. அதனால்தான் அந்த மூன்று கிழமைப் பழக்கங்களை நைட் கார்ட் வந்த பிறகும் விடக் கூடாது என்கிறேன்.

அச்சு எடுக்கும் நாள்

சொத்தைப் பல், ஆடும் பல் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். பிறகு பல் அடைத்தாலோ பிடுங்கினாலோ ஸ்பிளின்ட் பொருந்தாமல் போகும். அச்சு எடுக்கும்போது குழைத்த மாவு போன்ற ஒன்றைத் தட்டில் நிரப்பிப் பல்லில் அழுத்தி இரண்டு மூன்று நிமிடம் வைப்பார்கள். குமட்டல் வரும். தலையை முன்னால் குனிந்து மூக்கால் மூச்சு விட்டால் தாங்கலாம். மெழுகைக் கடிக்கச் சொல்லிக் கடியையும் பதிவு செய்வார்கள். அது லாபுக்குப் போய் வர ஒன்று இரண்டு கிழமை ஆகலாம்.

பொருத்தும் நாள்

இந்த நாளில்தான் நீங்கள் வாய் திறந்து பேச வேண்டும். 'சரியா இருக்கு டொக்டர்' என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். பெரிய மனிதரின் நேரத்தை வீணாக்குகிறோமே என்ற தயக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. ஆனால் எங்கே முதலில் முட்டுகிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

ஸ்பிளின்ட் மெதுவாக அழுத்தினால் 'கிளிக்' என்று உட்கார வேண்டும், ஆடக் கூடாது. இரண்டு பக்கமும் விரலால் நீங்களே கழற்ற முடிய வேண்டும். நாக்கால் ஓரத்தைத் தடவும்போது கூர்மை இருக்கக் கூடாது. வைத்தியர் மெல்லிய நிறத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். எங்கே தொடுகிறதோ அங்கே புள்ளி விழும். பொட்டு வைத்தது போல எல்லாப் பின்பற்களுக்கும் ஒன்று என்று இரு பக்கமும் ஒரே அளவில் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாக விழுந்தால் அந்த இடத்தைத் தேய்ப்பார். பிறகு தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்வார். அப்போது கோரைப் பல் மட்டும் தொட்டு, பின்பற்கள் விலக வேண்டும். சாய்ந்து படுத்த நிலையில் பார்த்த பிறகு, நேராக உட்கார்ந்தும் கடித்துப் பார்க்கக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 'டக் டக்' என்று கடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கடைசியில் நான் பேராதனைக்குக் கூட்டிப் போனேன். இடையில் பல் ஒன்றும் பிடுங்காததால் அந்தப் பழைய ஸ்பிளின்ட் இன்னும் பொருந்தியது. நிறத்தாளை வைத்துப் பார்த்தால் வலது பக்கம் கடைசி இரண்டு பல்லில் மட்டும் புள்ளி. மற்ற எங்கேயும் ஒன்றுமில்லை. இரவு முழுக்க அந்த இரண்டு இடத்தில்தான் தாடையின் பாரம் முழுவதும் இறங்கியிருக்கிறது. தேய்த்துச் சரிசெய்யக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது, "இவ்வளவுதானா டீச்சர்" என்றார். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஒரு மனுஷி இரண்டு வருடம் வலியோடு கொழுந்து எடுத்திருக்கிறார். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

முதல் இரவுகள்

எச்சில் ஊறும், பேச்சு கொஞ்சம் குழறும், வாய் நிறைந்த மாதிரி இருக்கும். தூங்கப் போக ஒரு மணி நேரம் முன்பே போட்டுப் பழகினால் இலகு. தூக்கத்தில் தெரியாமல் கழற்றிப் போட்டிருந்தால் அடுத்த இரவு மறுபடி போடுங்கள். ஒன்று இரண்டு கிழமையில் பழகிவிடும். காலையில் கழற்றியதும் பற்கள் சரியாகச் சேராதது போலச் சில நிமிடம் தோன்றும், அது சாதாரணம். பகல் வரை அப்படியே இருந்தால், அல்லது ஒரு பல் மட்டும் வலித்தால், போடுவதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் இரவில் மட்டும்தான். பகலிலும் போட்டுக்கொண்டால் சீக்கிரம் குணமாகும் என்பது தவறு, பல் நகரும் ஆபத்துதான் கூடும்.

திரும்பப் போகும் பயணம்

ஏன் திரும்பப் போக வேண்டும்? இறுகிக் கிடந்த தசைகள் தளரும்போது தாடை உட்காரும் இடமே கொஞ்சம் மாறுகிறது. முதல் நாள் சரியாக இருந்த புள்ளிகள் பத்து நாளில் சரியாக இராது. அதனால் ஒன்று இரண்டு கிழமையில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை என்று பார்க்க வேண்டியிருக்கும். அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று இரண்டு தடவை போதும்.

நமக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரு தடவை போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது, பஸ் காசு வேறு. அதனால் பொருத்தும் நாளிலேயே அடுத்த மூன்று தேதிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரட்டில் கங்காணியிடம் முன்கூட்டியே சொல்ல முடியும், வேறு கிளினிக் தேதியோடு சேர்த்துப் போடவும் கேட்கலாம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள மழைக்காலத்தில் போக முடியாவிட்டால் தேதியை மாற்றுங்கள், விட்டுவிடாதீர்கள். போவதற்கு முந்தின இரவு கட்டாயம் போட்டுத் தூங்குங்கள். ஸ்பிளின்டைப் பெட்டியோடு கொண்டு போங்கள், வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கலண்டரில் தினமும் காலை வலியை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகக் குறித்து வாருங்கள். வைத்தியருக்கு ஒரு பார்வையில் புரியும்.

கழுவுவது, வைப்பது

பச்சைத் தண்ணீர், சவர்க்காரம், மென்மையான பிரஷ் போதும். பற்பசை போட்டால் கீறல் விழுந்து அழுக்கு பிடிக்கும். கொதிநீர் கூடவே கூடாது. சுத்தமாகட்டும் என்று என்னுடைய முதல் ஸ்பிளின்டை நான் கேத்தில் தண்ணீரில் போட்டேன், வளைந்து போய்ப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அடுப்புக்கு மேல் பரணில், வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள். கடினமான அக்ரிலிக்கைக் கொஞ்சம் தண்ணீர் விட்ட மூடிய பெட்டியில் வைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். டிஷ்யூவில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும். நாய்க்கு இதன் வாசனை பிடிக்கும், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எவ்வளவு காலம், எதற்குச் சம்மதிக்கக் கூடாது

வலி குறைந்து இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்தால், வைத்தியரோடு பேசி இரவுகளைக் குறைத்துப் பார்க்கலாம். பல் கடிப்பவர்கள் பல்லைக் காக்க வருடக்கணக்கில் போடுவதும் உண்டு. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டு, சரிபார்த்தும் மாற்றமே இல்லையென்றால், அதையே பிடித்துக்கொண்டிருக்காமல் வாய் மற்றும் முக அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

1934இல் அமெரிக்காவில் கோஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை வைத்தியர், பல் இழந்து கடியின் உயரம் குறைந்து போவதே இந்த வலிகளுக்குக் காரணம் என்று எழுதினார். அதிலிருந்து நீண்ட காலம் கடியைத் திருத்தினால் வலி போகும் என்று நம்பினார்கள். இன்று அப்படிப் பார்ப்பதில்லை, தசை, தூக்கம், மனம், கழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆகவே தாடை வலிக்காக மட்டும் சொந்தப் பல்லைத் தேய்க்கவோ, வரிசையாகப் பல்லுறை போடவோ, கம்பி கட்டவோ யாராவது சொன்னால், இன்னொரு வைத்தியரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ஸ்பிளின்டைக் கழற்றி வைத்துவிடலாம், தேய்த்த பல் திரும்ப வராது. வளர்கிற பிள்ளைகளுக்கும் நிபுணர் சொல்லாமல் இதைப் போடக் கூடாது.

ஸ்பிளின்ட் வெடித்தால் சுப்பர் குளூ போட்டு ஒட்டாதீர்கள். உடைந்த துண்டுகளையும் சேர்த்துப் பெட்டியில் போட்டு, அடுத்த தேதிக்குக் காத்திராமல் கொண்டு போய்க் காட்டுங்கள்.